பிக் இல்லாத கை: ரானி ஸ்காட்ஸில் ஜெஃப் பெக்

லண்டனின் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் ஆங்கிலேய ராக் கிட்டார்காரர் ஜெஃப் பெக் வாசித்த காணொளியை முதல் தடவை பார்த்தபோது நான் அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டாரில் நாலு பாட்டு கற்றுக்கொண்டவன் எவனும் அப்படித்தான் பார்ப்பான். எந்த ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) விரல் வைக்கிறார், தந்தியை எவ்வளவு இழுக்கிறார், எங்கே தாவுகிறார் என்று. உருப்படியின் பெயர் ‘நாடியா’. காதில் ஒரு பாடகி நாலைந்து ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். திரையில் அந்த இடது கை அவ்வளவு வேலை செய்வதாகத் தெரியவில்லை. காதும் கண்ணும் ஒத்துப்போகவில்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது: நான் பார்த்துக்கொண்டிருந்தது தப்பான கை.

இந்த ஆய்வு அந்த வலது கையைப் பற்றியது. அதை நாம் பார்க்கும்படி வைத்த ஒரு சின்ன அறையைப் பற்றியதும்கூட.

அறை

லண்டன் சோஹோவில் ஃப்ரித் தெரு, 47ஆம் எண். ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப். ரானி ஸ்காட், பீட் கிங் என்ற இரண்டு சாக்ஸபோன்காரர்கள் 1959இல் பக்கத்திலுள்ள ஜெரார்ட் தெருவில் தொடங்கி, 1965இல் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. சுமார் 250 பேர் உட்காரலாம். மேசைகள், மேசைமேல் சிவப்பு முக்காடு போட்ட சின்ன விளக்குகள், கைநீட்டினால் மேடை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சபாவின் பெரிய அரங்கு இல்லை. மாடியில் இருக்கும் சின்ன ஹால்.

ஜாஸ் கிளப் என்றாலும் ராக் ஆட்களுக்கு அந்த இடம் அந்நியமில்லை. தி ஹூ குழுவினர் 1969இல் தங்கள் ‘டாமி’ தொகுப்பைப் பத்திரிகைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டியது இங்கேதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கடைசியாகப் பொதுமேடையில் கிட்டார் பிடித்ததும் இங்கேதான்: 1970 செப்டம்பர் 16, எரிக் பர்டனும் வார் குழுவும் வாசித்துக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு நாளில் இறந்துபோனார்.

2007 நவம்பர் கடைசியில் அந்த மேடையில் பெக் தொடர்ந்து சில இரவுகள் வாசித்தார். அவருக்கு வயது 63. எல்லா இரவும் இருக்கை நிரம்பியது. அதிலிருந்து எடுத்ததுதான் 2008இல் வந்த ஒலித்தட்டும், 2009இல் வந்த காணொளியும்.

கொஞ்சம் பின்கதை வேண்டும். யார்ட்பேர்ட்ஸ் என்ற ஆங்கிலக் குழுவிலிருந்து 1965இல் எரிக் கிளாப்டன் விலகினார். அந்த இடத்துக்குப் பெக் வந்தார். அடுத்த வருஷம் ஜிம்மி பேஜும் சேர்ந்தார். ஒரே குழுவில் அடுத்தடுத்து மூன்று பேர். மூவருமே பிறகு ராக் கிட்டாரின் பெரிய பெயர்கள். கிளாப்டன் பாடகராகவும் ஜெயித்தார். பேஜ் லெட் ஸெப்பலின் கட்டி மைதானங்களை நிரப்பினார். பெக் மட்டும் குழு கட்டுவார், கலைப்பார், சில வருஷம் ஆளையே காணாது. பழைய அமெரிக்க மோட்டார்களைப் பிரித்துக் கட்டுவதில் அவருக்குப் பைத்தியம். வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் பூசிக்கொண்டிருப்பதில் கிடைத்த சந்தோஷம் சுற்றுப்பயணத்தில் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அதே வாரங்களில் லண்டனில் இன்னொரு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. லெட் ஸெப்பலின் மறுபடி சேர்ந்து ஓ2 அரங்கில் ஒரே ஒரு கச்சேரி. டிக்கெட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் எண்ணிக்கை கோடிக்கணக்கில் என்று செய்தி ஓடியது. நவம்பர் 26இல் நடக்கவேண்டியது, பேஜின் விரல் எலும்பு முறிந்ததால் டிசம்பர் 10க்குத் தள்ளிப்போனது. அந்த விரலோடு பேஜ் ஃப்ரித் தெருவுக்கு வந்து பார்வையாளராக உட்கார்ந்தார். லெட் ஸெப்பலின் பாடகர் ராபர்ட் பிளான்ட், குவீன் குழுவின் பிரையன் மே இவர்களும் அந்த வாரம் வந்தார்கள். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை வைத்தே தனிக் கச்சேரி ஒன்று நடத்தியிருக்கலாம்.

பெரிய கச்சேரியைப் பதிவுசெய்தால் பெருமையும் கூச்சலும் வெளிச்சமும் கிடைக்கும், கை கிடைக்காது. 20,000 பேர் அரங்கில் பின்வரிசைக்குப் போய்ச் சேரும்படி வாசிக்கவேண்டும். சன்னமாக ஒலிக்கவேண்டியது தடிக்கும். 250 பேர் அறையில் பெக் சத்தத்தை ஏறக்குறையப் பூஜ்யம்வரை இறக்கமுடிந்தது, மூன்றாவது மேசையில் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்கும் அளவுக்கு. 2003இல் நியூயார்க்கில் பி.பி. கிங் கிளப்பிலும் இவர் ஒரு பதிவு செய்திருக்கிறார். நல்ல பதிவுதான். ஆனால் அது காதுக்கு மட்டும். ரானி ஸ்காட்ஸ் பதிவின் பலம் படம். கேமரா கையிலிருந்து சில அடியில் இருக்கிறது.

யார் எழுதிய பாட்டு?

ஒலித்தட்டில் 16 உருப்படிகள். பட்டியலைப் பார்த்தால் வேடிக்கை. ‘பெக்ஸ் பொலேரோ’ பெக்கின் பெயரையே தாங்கியிருக்கிறது. எழுதியவர் என்று அச்சாகியிருப்பது ஜிம்மி பேஜ். 1966இல் பேஜ், ஜான் பால் ஜோன்ஸ், நிக்கி ஹாப்கின்ஸ், டிரம்ஸில் தி ஹூவின் கீத் மூன் எல்லாரும் சேர்ந்து பதிவுசெய்தது. அந்தப் பாட்டில் யார் என்ன எழுதினார்கள் என்பதில் இரு நண்பர்களுக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. ‘எடர்னிட்டிஸ் பிரெத்’ ஜான் மெக்லாஃப்லினுடையது. ‘ஸ்ட்ரேட்டஸ்’ பில்லி கோபமுடையது. ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’ ஸ்டீவி வொண்டர் எழுதியது. ‘லெட் பூட்ஸ்’ மேக்ஸ் மிடில்டனுடையது. சார்லஸ் மிங்கஸ் ஒன்று, லென்னன்–மெக்கார்ட்னி ஒன்று, நிதின் சாஹ்னி ஒன்று. மிச்சத்தில் கீபோர்டுக்காரர் டோனி ஹைமஸ் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பெக்கின் பெயர் இருக்கும் இடத்திலும் கூடவே யாராவது இருக்கிறார்கள்.

ராக் உலகில் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். சொந்தமாக எழுதாதவன் பாதிக் கலைஞன் என்று அங்கே ஒரு எண்ணம். எனக்கு இது சுத்தமாகப் புரிந்ததில்லை. செம்மங்குடியிடம் போய் யாரும் “இந்தக் கீர்த்தனை நீங்கள் எழுதியதா மாமா?” என்று கேட்டிருக்கமாட்டார்கள். பாடாந்தரம் யாருடையது, நிரவல் எப்படி எடுத்தார் என்றுதான் பேச்சு இருக்கும். அந்தக் காதோடு இந்தப் பதிவைக் கேட்டால், இது ஒரு கச்சேரி. உருப்படிகள் பலருடையவை, வழி ஒருவருடையது. பெக்கே பாடமாட்டார், 1967இல் ‘ஹை ஹோ சில்வர் லைனிங்’ என்று ஒன்றைப் பாடி, அது பிரபலமாகி, வாழ்நாள் முழுக்க அதற்காகக் கூச்சப்பட்டார். பாடுவதை ஏறக்குறைய நிறுத்தினார். அந்தக் குரல் வேறு வழியில் வெளியே வந்தது என்று சொன்னால் ரொம்ப அலங்காரமாகிவிடும். ஆனால் அப்படித்தான் கேட்கிறது.

இன்னொன்று. உருப்படிகள் சின்னவை. நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். ராக் கச்சேரிப் பதிவு என்றால் ஒரே பாட்டை இருபது நிமிஷம் இழுப்பார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. இங்கே அது கிடையாது. மிங்கஸ் எழுதிய ‘குட்பை போர்க் பை ஹேட்’டை முழுதாகக்கூட வாசிக்கவில்லை. லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் மேதை இறந்தபோது மிங்கஸ் எழுதியது அது. ஒரு சாக்ஸபோன்காரர் தொடங்கிய கிளப்பில் அதைத் தொட்டது தற்செயலா, மரியாதையா, நான் சொல்லமுடியாது. விருத்தம் பாடிவிட்டுப் பாட்டுக்குள் போவதுபோல, அதைக் கொஞ்சம் வாசித்துவிட்டு ‘பிரஷ் வித் தி புளூஸ்’க்குள் நுழைந்துவிடுகிறார்.

வலது கை

1980களில் பெக் பிக் (தந்தியைச் சுண்டும் சின்னத் தகடு) பிடிப்பதை விட்டுவிட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை நேரடியாகச் சுண்டும். பிக் போனதால் கையில் மற்ற விரல்களுக்கு விடுதலை. அவருடைய வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டாரில், தந்திகளை உடம்புப் பக்கம் தாங்கும் பிரிட்ஜிலிருந்து ஒரு மெல்லிய இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும்: வாமி பார். அது எப்போதும் அவர் உள்ளங்கைக்கு அடியிலோ மோதிரவிரலோடு ஒட்டியோ இருக்கும். சுண்டுவிரல் சத்தம் கூட்டும் திருகில். ஆக, ஒரே கை மூன்று வேலை செய்கிறது: சுண்டுகிறது, சுருதியை அசைக்கிறது, சத்தத்தை ஏற்றி இறக்குகிறது.

திருகின் வேலையை முதலில் சொல்கிறேன், அதுதான் சுலபமாகக் கேட்கும். கிட்டாரில் எந்த ஸ்வரமும் ‘டக்’ என்றுதான் பிறக்கும். சுண்டிய சத்தம் முன்னே, ஸ்வரம் பின்னே. குரலுக்கு அது கிடையாது, வயலினுக்கும் கிடையாது. பெக் திருகைப் பூஜ்யத்தில் வைத்துச் சுண்டுகிறார். ‘டக்’ யாருக்கும் கேட்காது. உடனே சுண்டுவிரல் திருகைச் சுழற்றுகிறது. ஸ்வரம் எங்கிருந்தோ மிதந்து வருகிறது. இதை இசைக்கருவிக் கடையில் ஒரு பெடல் வாங்கியும் செய்யலாம். ஆனால் பெடலுக்குக் கால் வேண்டும், காலுக்கு அவ்வளவு நுணுக்கம் வராது.

வாமி பார் கொஞ்சம் சிக்கலான சமாச்சாரம். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிரிட்ஜ் மரத்தில் அறைந்து வைத்ததில்லை. முன்விளிம்பில் ஊன்றிச் சாய்ந்தாடும். ஒரு பக்கம் தந்திகள் இழுக்கும். கிட்டாரின் முதுகுக் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கும். பெரும்பாலானோர் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரும்படி வைத்துவிடுவார்கள். அப்போது பாரை அழுத்தலாம், சுருதி இறங்கும், அவ்வளவுதான். பெக் அதை மிதக்கவிட்டார். அழுத்தினால் இறங்கும், தூக்கினால் ஏறும். ஒரே ஃப்ரெட்டில் விரலை வைத்துக்கொண்டு அந்த ஸ்வரத்துக்கு மேலும் போகலாம், கீழும் போகலாம்.

வீணை வாசிப்பவர்களுக்கு இதன் அருமை சட்டென்று பிடிபடும். வீணையில் ஒரு மெட்டில், அதாவது ஃப்ரெட்டில், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறத்தான் ஏறும். மேலிருந்து கீழே வழுக்கவேண்டுமானால் முன்னாடியே இழுத்துப் பிடித்து, மீட்டிவிட்டு, தளரவிடவேண்டும். கிட்டாரில் தந்தி இழுப்பதும் அதே கதை. ஸ்வரத்துக்குக் கீழே தொட்டுவிட்டு வரும் அசைவை விரல் இழுப்பால் அதே ஃப்ரெட்டில் செய்யமுடியாது. மிதக்கும் பார் அந்தத் தடையை எடுத்துவிடுகிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்மாண்டலின் எடுத்தாரே, அதுவும் இதே பிரச்சினைக்கு வேறொரு விடை: ஃப்ரெட் வைத்த வாத்தியத்தில் கமகத்துக்கு எப்படி இடம் பண்ணுவது?

விலை இல்லாமலா? பார் அசைந்தால் எல்லாத் தந்தியும் சேர்ந்து அசையும். அதனால் பெரும்பாலும் ஒற்றை வரி மெட்டுதான் சரிப்படும். அப்புறம், சுருதி. என்னிடம் மலிவான ஸ்ட்ராட்டோகாஸ்டர் நகல் ஒன்று இருக்கிறது. பெக்கைப் பார்த்த வேகத்தில் பின்பலகையைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி, பிரிட்ஜை மிதக்கவிட்டேன். ஒரு மாலை முழுக்கப் போனது. ஒரு தந்தியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் இறங்கும். கடைசியில் சேர்ந்தது. பாரை ஒரு தடவை அழுத்திவிட்டேன், அவ்வளவுதான், ஜி தந்தி திரும்பி வரவே இல்லை. தலைப்பக்கம் தந்தி உட்காரும் பள்ளத்தில் உரசிச் சிக்கிக்கொள்கிறது. பெக்கின் கிட்டாரில் அந்த இடத்தில் சின்ன உருளைகள் இருக்கும். தந்தி உரசாமல் உருண்டு திரும்பும். அது பாதிப் பதில்தான். அத்தனை அசைவுக்கு நடுவிலும் சுருதி நிற்பதற்கு மீதிக் காரணம், எங்கே கொஞ்சம் விலகினாலும் கை தானாகத் திருத்திவிடுகிறது. பாடகர் காதை வைத்துச் செய்வதை இவர் உள்ளங்கையை வைத்துச் செய்கிறார்.

நாடியா

நிதின் சாஹ்னி இங்கிலாந்தில் வளர்ந்த இந்திய வம்சாவளி இசையமைப்பாளர். 1999இல் வந்த அவருடைய ‘பியாண்ட் ஸ்கின்’ தொகுப்பில் ‘நாடியா’ இருக்கிறது. வேகமான மின்தாளத்துக்கு மேலே ஸ்வாதி நடேகர் ஹிந்துஸ்தானி பாணியில் பாடியிருப்பார். பெக் 2001இல் அதைத் தன் ஒலித்தட்டில் கிட்டாருக்கு மாற்றினார். பெக் எடுத்துக்கொண்டது ராகத்தை அல்ல, ஒரு பெண்ணின் தொண்டையை.

நம் இசையைத் தொட்ட ராக் கிட்டார்காரர்கள் நிறைய. பெரும்பாலும் என்ன செய்வார்கள்? தம்பூரா மாதிரி ஒரு ரீங்காரம், மேலே நாலு ஸ்வரம், ஒரு சந்தனமணம். பெக் அதைச் செய்யவில்லை. பாடகி எந்த இடத்தில் மூச்சு விட்டாரோ அங்கே விடுகிறார். ஒரு ஸ்வரத்துக்குள் போகும்முன் கீழே தொட்டுவிட்டுப் போகிறார் என்றால் அதே தொடுகை. ரானி ஸ்காட்ஸில் இந்த உருப்படிக்குக் கைதட்டல் வருவதற்கு முன் ஒரு நொடி தாமதம் இருக்கிறது, கேட்டுப்பாருங்கள்.

குறையும் இருக்கிறது. மெட்டு திரும்ப வரும்போது அதே அசைவுகள் அப்படியே வருகின்றன. பாடகியாக இருந்தால் இரண்டாவது சுற்றில் வேறு சங்கதி போட்டிருப்பார். பெக் அங்கே பாடம் ஒப்பிக்கிறார். மிக நன்றாக ஒப்பிக்கிறார், அவ்வளவே. சங்கதி போடும் பெக்கைப் பார்க்க ஸ்டீவி வொண்டர் பாட்டுக்குப் போகவேண்டும்.

பக்கவாத்தியம்

டிரம்ஸ் வின்னி கொலாயூட்டா. ஃப்ராங்க் ஸப்பாவிடம் வேலை பார்த்தவர் என்றால் போதும், கணக்கில் கெட்டி என்று அர்த்தம். கீபோர்டு ஜேசன் ரெபெல்லோ, ஆங்கிலேய ஜாஸ் பியானோக்காரர். இருவரும் பாடகர் ஸ்டிங்கின் குழுவில் இருந்தவர்கள். பேஸ் கிட்டார் டால் வில்கன்ஃபெல்ட், ஆஸ்திரேலியப் பெண். 21 வயது நிறைய அப்போது சில நாட்கள் பாக்கி. பேஸ் கையில் எடுத்தே சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன.

‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவர்ஸ்’ 1975இல் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த ‘ப்ளோ பை ப்ளோ’ தொகுப்பில் பெக் வாசித்தது. பெக் ரசிகர்களுக்குத் தேசியகீதம் மாதிரி. அதற்கு நடுவே தனி வாசிக்கும் இடத்தைப் பெக் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். 2007 ஜூலையில் சிகாகோ அருகே நடந்த கிராஸ்ரோட்ஸ் விழாவில், பெரிய மைதானத்தில், இதேபோல் கொடுத்திருந்தார். அந்தத் துண்டு இணையத்தில் எங்கும் பரவியது. கிளப் பதிவில் அது இன்னும் நெருக்கம். அவள் அவசரப்படவில்லை. இருபது வயதில் இரண்டு நிமிஷ வாய்ப்பு கிடைத்தால் வேகம் காட்டத்தான் எவருக்கும் கை துறுதுறுக்கும். அவள் மெட்டோடு பேசுகிறாள், மேல்ஸ்தாயிக்குப் போகிறாள், கூட்டம் கத்த ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறாள். பக்கத்தில் நிற்கும் 63 வயதுக்காரர் முகத்தைப் பாருங்கள். பக்கவாத்தியக்காரரின் தனியை ரசிக்கும் வித்வான் முகம் அது.

கொலாயூட்டாவுக்குத் தனியாகப் பத்தி எழுதவேண்டும், எனக்கு அந்த அளவுக்கு டிரம்ஸ் தெரியாது. ஒன்று மட்டும். ‘ஸ்கேட்டர்பிரெய்ன்’ ஒன்பது எண்ணிக்கையில் ஓடுகிறது, சங்கீர்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளம் போட்டுப் பார்த்தேன், இரண்டு ஆவர்த்தனத்தில் விட்டுவிட்டேன். ஆனால் தாளம் தெரியாதவர் கேட்டால் அது ஒன்பது என்றே தோன்றாது. இயல்பாக நடப்பதுபோல் இருக்கும். மெக்லாஃப்லின், கோபம் இருவரின் பாட்டுகளும் பட்டியலில் முன்வரிசையில் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இருவரும் மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர்கள். அந்தக் குழுவோடு 1975இல் பெக் சேர்ந்து சுற்றுப்பயணம் போனார். அதே மெக்லாஃப்லின்தான் அப்போது எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு ‘சக்தி’யும் நடத்தினார். நம் கடத்துக்கும் பெக்கின் லண்டன் மேடைக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான்.

விருந்தாளிகள்

ஒலித்தட்டில் நால்வர் மட்டும். காணொளியில்தான் விருந்தாளிகள். பாடகி ஜோஸ் ஸ்டோன் ‘பீப்பிள் கெட் ரெடி’ பாடுகிறார். நல்ல குரல், ஆனால் பெக்கின் கிட்டார் பாடிக்கொண்டிருக்கும் மேடையில் இன்னொரு உரத்த குரல் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. இமோஜன் ஹீப் வேறு மாதிரி. ‘பிளாங்கெட்’டில் அவர் குரலைச் சன்னமாக்க, பெக்கும் சன்னமாக்குகிறார், இருவரும் யார் முதலில் காணாமல் போவது என்று போட்டி போடுவதுபோல.

கிளாப்டன் கடைசிப் பகுதியில் வருகிறார். மடி வாட்டர்ஸ் பாடிய இரண்டு பழைய புளூஸ் பாட்டுகள். யார்ட்பேர்ட்ஸில் ஒருவர் விட்டுப்போன நாற்காலியில் மற்றவர் உட்கார்ந்து 42 வருஷம் ஆகிவிட்டது. அதில் இரண்டாவது பாட்டு ‘யு நீட் லவ்’. வில்லி டிக்ஸன் எழுதியது. இதிலிருந்துதான் லெட் ஸெப்பலின் தங்கள் மிகப் பெரிய பாட்டுகளில் ஒன்றை எடுத்தார்கள் என்று டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. ஓ2 கச்சேரிக்கு ஊரே காத்திருந்த நேரத்தில் இந்தப் பாட்டை எடுத்ததில் ஏதாவது குறும்பு இருந்ததா? இருந்திருந்தால் நன்றாக இருக்கும். வாசிப்பைப் பொறுத்தவரை கிளாப்டன் சொகுசாக வாசிக்கிறார், பெக் பக்கத்தில் நின்று விளையாடுகிறார். வரலாற்றுக்காகப் பார்க்கலாம்.

கடைசி இரண்டு

‘எ டே இன் தி லைஃப்’ பீட்டில்ஸ் 1967இல் பதிவுசெய்தது. லென்னனின் அலுத்துப்போன குரலில் சரணங்கள், நடுவே மெக்கார்ட்னியின் துள்ளல், இரண்டுக்கும் இடையே 40 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ரா அடியிலிருந்து உச்சிவரை 24 தாள அளவுக்கு ஏறும் அந்த ஓசை மலை. பெக் இதை முதலில் வாசித்தது 1998இல், ஜார்ஜ் மார்ட்டினின் தொகுப்பு ஒன்றுக்காக. மார்ட்டின்தானே மூலத்தையும் தயாரித்தவர்.

ஃப்ரித் தெருவில் ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, நாலு பேர்தான். சரணத்தைப் பெக் வாசிக்கும்போது வார்த்தை காதில் விழுவதுபோல் இருக்கிறது. செய்தித்தாள் படிப்பவன் குரல், உயிரில்லாமல், வரி முடியும் இடத்தில் சற்றே தொங்கி. அந்தத் தொங்கல் வாமி பாரின் வேலை. மலை ஏறும் இடத்தில் குழு முழுக்க இரைச்சலாக எழும்புகிறது. மூலத்தின் பிரம்மாண்டம் வரவில்லை, வரவும் முடியாது. ஆனால் நாலு பேர் கைவசம் இருந்ததை எல்லாம் கொட்டுகிறார்கள் என்று தெரிகிறது. சிறந்த ராக் வாத்திய இசைக்கான கிராமி 2010இல் இந்தப் பதிவுக்குத்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் பெக்கைத் தனிக்கலைஞராகச் சேர்த்தபோது அறிமுகம் செய்துவைத்தவர் ஜிம்மி பேஜ்.

இதோடு நிறுத்தியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். பெக் நிறுத்தவில்லை. மங்களம் பாடும் இடத்தில் ‘வேர் வேர் யு’ வாசிக்கிறார். பல்கேரிய கிராமத்துப் பெண்களின் கூட்டுப்பாடலைக் கேட்டு 1989இல் செய்தது. தாளமே இல்லை. கீபோர்டு அடியில் விரித்த பாய் மாதிரி கிடக்கிறது, மேலே கிட்டார் தனியாக.

மெட்டின் பெரும்பகுதி ஹார்மானிக்ஸ். தந்தியைச் சில குறிப்பிட்ட இடங்களில் அழுத்தாமல் லேசாகத் தொட்டுச் சுண்டினால், மணி அடித்ததுபோல் ஒரு மேல்ஸ்தாயி ஓசை வரும். அந்த இடங்கள் கொஞ்சம்தான். அதனால் ஸ்வரங்களும் கொஞ்சம்தான். அதை வைத்து ஒரு மெட்டு வாசிக்கமுடியாது. தந்தியை இழுத்து மாற்றலாம் என்றால் விரல் தந்தியிலேயே இல்லை, தொட்டவுடன் எடுத்தாகிவிட்டது. மிச்சமிருப்பது வலது உள்ளங்கையில் இருக்கும் இரும்புக் கம்பி மட்டும். மணியோசை பிறக்கிறது, பெக் பாரை அழுத்துகிறார், ஸ்வரம் வழுக்கி அடுத்த இடத்தில் போய் நிற்கிறது. தூக்குகிறார், இன்னோர் இடம். எவ்வளவு அழுத்தினால் எந்த ஸ்வரம் என்பதற்குக் கம்பியில் கோடு எதுவும் கிடையாது. தப்பினால் 250 பேருக்கும் தெரியும். பேஜும் பிளான்டும் பிரையன் மேயும் வந்து உட்கார்ந்துபோன வாரம் அது.

இந்த இடத்தில் படத்தொகுப்பாளர்மேல் எனக்கு ஒரு வருத்தம். கை இவ்வளவு செய்துகொண்டிருக்கும்போது சில இடங்களில் முகத்துக்குத் தாவிவிடுகிறார். முகத்தில் ஒன்றுமில்லை, கண் மூடியிருக்கும்.

பெக் 2023 ஜனவரி 10 அன்று மூளையுறை அழற்சியால் இறந்தார், 78 வயது. அடுத்தடுத்த நாட்களில் ரசிகர்கள் அதிகமாகப் பகிர்ந்துகொண்டவற்றில் இந்த கிளப் காணொளியின் துண்டுகளும் இருந்தன. ஒலித்தட்டு வாங்குவதா காணொளி வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் ஒலித்தட்டைக் கேளுங்கள். ‘நாடியா’ வரும்போது இது எப்படி வாசித்திருப்பார் என்று நீங்களே ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காணொளியைப் போட்டு, இடது கையை மறைத்துக்கொண்டு பாருங்கள். என் நகல் கிட்டாரில் பிரிட்ஜை மறுபடி உடம்போடு இறுக்கிவிட்டேன். பாரைக் கழற்றிப் பையின் பக்கப் பையில் போட்டிருக்கிறேன்.